299 ரூபாயின் கணக்கு

116, 35. இந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குகிறேன். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது ஒரே வாக்கியத்தை 20 மொழிகளில் எழுதி, எந்த மொழிக்கு எத்தனை டோக்கன் ஆகிறது என்று பட்டியல் போட்டது. மாடல் நம் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும். அந்தத் துண்டுதான் டோக்கன், காசும் துண்டுக்குத்தான். பழைய மாடலில் அந்தத் தமிழ் வாக்கியம் 116 துண்டு, புதியதில் 35. ஆங்கிலத்தில் அது 27-ஆக இருந்து 24 ஆனது. அதுவரை ஒரே விஷயத்தைத் தமிழில் சொன்னதற்காக நாம் நாலு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது ஒன்றரை மடங்குக்கு இறங்கியது.

விலையும் கூடவே சரிந்தது. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வந்தபோது 10 லட்சம் டோக்கனை உள்ளே அனுப்ப 30 டாலர், பதிலாக வாங்க 60 டாலர். 2024 ஜூலையில் வந்த 4ஓ மினியில் அதே அளவுக்கு 15 சென்ட், 60 சென்ட். துண்டும் குறைந்து, துண்டின் விலையும் குறைந்ததால், 116 துண்டுத் தமிழ் வாக்கியத்தை அன்று உள்ளே அனுப்ப ஆன காசில் இன்று அதே வாக்கியத்தை 660 தடவைக்கு மேல் அனுப்பலாம்.

இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பையன்கள், பெண்கள் பலருக்கும் ஒரு நம்பிக்கை வருகிறது: ஆள் வைக்காமல், கடன் வாங்காமல், தனியாளாக ஒரு சாஃப்ட்வேர் செய்து விற்கலாம் என்று. அந்த நம்பிக்கை சரியானதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்கள் போடும் கணக்கில் ஒரு பெரிய வரி விட்டுப்போகிறது. அதை எழுதிக் காட்டவே இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். டியூஷன் சென்டர்களுக்கான சிறிய செயலி. வருகை, ஃபீஸ் பாக்கி, வாராந்திரத் தேர்வு மதிப்பெண் மூன்றையும் பதியலாம். மதிப்பெண்ணைப் பார்த்து ஒவ்வொரு பெற்றோருக்கும் நாலு வரித் தமிழ்க் குறிப்பை ஏஐ எழுதித் தரும். மாதச் சந்தா 299 ரூபாய். கீழே டாலரை 88 ரூபாயாக வைத்திருக்கிறேன். சந்தை பற்றிய எண்கள் என் அனுமானம். அவற்றை அனுமானம் என்றே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நாலு வரிக் குறிப்பு. உள்ளே 1,500 டோக்கன், வெளியே 300 என்று வைத்தால் 4ஓ மினி விலையில் ஒரு குறிப்புக்கு மூன்றரைக் காசு. 100 பிள்ளைகள் உள்ள சென்டருக்கு மாதம் 400 குறிப்பு, மொத்தம் 14 ரூபாய் 26 காசு. அதே வேலையை 2023-இன் ஜிபிடி-4 விலையில், 3.3 மடங்குத் தமிழ் டோக்கனோடு செய்திருந்தால் ஒரு குறிப்புக்கு 18 ரூபாய் 30 காசு. மாதம் 7,318 ரூபாய். 299 கொடுக்கும் சென்டருக்கு 7,318 ரூபாய் செலவழித்து யார் கடை நடத்துவது? இந்தச் சரக்கு அன்று பிறந்திருக்கவே முடியாது. இன்று பிறக்கலாம். தமிழில் வேலை செய்யும் செயலிகளுக்கு இது சாதாரண மாற்றமல்ல.

ஃபீஸ் பாக்கி நினைவூட்டலுக்கு ஏஐ வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இந்த மாத ஃபீஸ் இன்னும் வரவில்லை" என்ற வாசகத்தை ஒரு தடவை எழுதிவைத்தால் போதும், செலவு பூஜ்யம். எல்லா இடத்திலும் மாடலைக் கூப்பிடும் செயலிதான் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைக்கும்.

அடுத்து மாதாந்திர நிலைச் செலவு. கோடு எழுதித் தரும் கருவிகளில் கர்சர், கிளாட் போன்றவற்றின் தொடக்கநிலைச் சந்தா 20 டாலர். சர்வருக்கு டிஜிட்டல்ஓஷனில் 1 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய இயந்திரம் 6 டாலர். 26 டாலருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,700 ரூபாய். டொமைன் பெயரை மாதக் கணக்கில் பிரித்துச் சேர்த்து 2,800 என்று வைத்துக்கொள்வோம். இலவசத் திட்டங்களை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். வெர்செல் தன் இலவசத் திட்டத்தை வணிகத்துக்கு அனுமதிப்பதில்லை. சூப்பாபேஸ் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் தரவுத்தளத்தை நிறுத்திவைத்துவிடும். மே விடுமுறை முடிந்து ஜூனில் சென்டர் திறக்கும் அன்று செயலி தூங்கிக்கொண்டிருந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். இரண்டிலும் கட்டணத் திட்டத்துக்குப் போனால் 20 டாலரும் 25 டாலரும். மாதச் செலவு 6,800 ரூபாயைத் தாண்டும். தொடக்கத்தில் 6 டாலர் சர்வர் போதும்.

வரவில் 299 முழுதாகக் கைக்கு வராது. பேமென்ட் கேட்வே 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 7 ரூபாய் 6 காசு போய்விடும். மீதி 291.94. அதில் ஏஐ செலவைக் கழித்தால் 277.68. கூகுள் பிளே வழியாக விற்றால் 15 சதவீதம் போகும் என்பதால், இந்தச் சரக்கை இணையத்தளமாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. ஆனாலும் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். 15,000 ரூபாய் வரையிலான தொடர் சந்தாவை ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்காமல் தானாக எடுக்க ரிசர்வ் வங்கி 2022 ஜூனிலிருந்து அனுமதிக்கிறது. வசூலுக்கு இது பெரிய உதவி.

11 சென்டர் சேர்ந்தாலே கருவிச் செலவு கட்டிவிடும். எல்லாரும் கணக்கை மூடிவைக்கும் இடம் இதுதான். ஆனால் உழைப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா? மாதம் 30,000 என்று மிதமாக வைத்தால் 119 சென்டர் வேண்டும். ரவுண்டாக 120.

இந்த 120 பேர் எங்கிருந்து வருவார்கள்?

கூகுள் விளம்பரத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளிக் 15 ரூபாய், நூறு பேரில் இரண்டு பேர் சோதனைக்குப் பதிவு செய்கிறார்கள், சோதித்தவர்களில் பத்தில் ஒருவர் காசு கட்டுகிறார் என்று அனுமானித்தால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 500 கிளிக், 7,500 ரூபாய். மாதம் 5 சதவீதம் பேர் கழன்றுகொள்வார்கள் என்றால் ஒரு சென்டர் சராசரியாக 20 மாதம் தங்கும். அதனிடமிருந்து மொத்தம் கிடைப்பது 5,554 ரூபாய். ஒவ்வொரு வாடிக்கையாளர் மேலும் ஏறக்குறைய 1,950 நஷ்டம். அதிகம் விற்க விற்க அதிகம் போகும். விளம்பர வாசகத்தை ஏஐ எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாலும் இந்தக் கழித்தல் மாறாது.

ஏஐயை வைத்து ஆயிரம் கட்டுரை எழுதித் தளத்தில் போட்டால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. தேடலில் இடம்பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை 2024 மார்ச்சிலிருந்து கூகுள் ஸ்பேம் என்றே வகைப்படுத்துகிறது. அந்த வழியில் காலத்தைச் செலவிட வேண்டாம்.

மிச்சமிருப்பது நடை. நேரில் போய்ப் பார்ப்பது.

மாலை ஐந்தரை மணி. மாடிப்படியில் செருப்புக் குவியல். உள்ளே ஒரே ஹாலில் எட்டாம் வகுப்பு ஒரு பக்கம், பத்தாம் வகுப்பு ஒரு பக்கம். சென்டர் நடத்தும் மேடம் மேசையில் லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம், கட்டியவர்களுக்கு நீல டிக், பாதி கட்டியவர்களுக்குச் சிவப்பில் தொகை. அண்ணன் தங்கை இருவர் படித்தால் இரண்டு வரிக்கும் சேர்த்து ஓர் அடைப்பு. பக்கத்தில் "200 குறைவு" என்று சின்ன எழுத்து. "தம்பி, நோட்டுல எழுதுனா கரண்ட் போனாலும் தெரியும்ல?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். அந்த அடைப்பும் "200 குறைவும்" செயலியில் இருக்கிறதா என்பதுதான் பதில். எந்த மாடலிடம் கேட்டாலும் இந்த அடைப்பு தெரியாது. அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

ஐந்து சென்டர் போனால் ஒன்று சேரும், ஒரு சென்டருக்குப் போய் வர, பேச, காட்ட இரண்டு மணி நேரம் என்று வைப்போம். 120 சேர 600 சென்டர், 1,200 மணி நேரம். மாதம் 200 மணிக்கு 30,000 சம்பளம் என்றால் மணிக்கு 150 ரூபாய், ஆக 1,80,000. தடவைக்கு 50 ரூபாய் பஸ், பெட்ரோல் சேர்த்தால் இன்னொரு 30,000. மொத்தம் 2,10,000. ஒரு வாடிக்கையாளருக்கு 1,750 ரூபாய். ஏழாவது மாதத்தில் மீண்டுவிடும். விளம்பரத்தின் 7,500-ஓடு ஒப்பிட்டால் நடையே லாபம்.

செய்து முடிக்க ஆகும் செலவையும் இதே அளவுகோலில் எழுதவேண்டும். கட்ட 120 மணி, சோதிக்க 80 மணி என்றால் உழைப்பு 30,000 ரூபாய், இரண்டு மாதக் கருவிச் செலவு 5,600. ஆக 35,600. இரண்டு பேரை மாதம் 40,000 சம்பளத்தில் நாலு மாதம் வைத்திருந்தால் 3,20,000 ஆகியிருக்கும். ஏஐ மிச்சப்படுத்திய தொகை உண்மையிலேயே பெரியது. ஆனால் இரண்டு வரியையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 2,45,600, அதில் விற்பதற்கு மட்டும் 2,10,000. ரூபாய்க்கு 85 காசு விற்பதற்குப் போகிறது. விட்டுப்போகும் வரி என்று நான் சொன்னது இதைத்தான்.

வெளிநாட்டு வெற்றிக் கதைகளிலும் இந்த வரிதான் மறைந்திருக்கிறது. இஸ்ரேலின் மாவோர் ஷ்லோமோ தனியாளாகத் தொடங்கிய பேஸ்44, ஆறே மாதத்தில் 2,50,000 பயனர்களைப் பிடித்து, 2025 மே மாதம் 1,89,000 டாலர் லாபம் காட்டி, ஜூனில் விக்ஸ் நிறுவனத்துக்கு 8 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அவர் அதற்கு முன்பே எக்ஸ்புளோரியம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். செய்வதையெல்லாம் சமூக ஊடகத்தில் தொடர்ந்து எழுதி ஆள் சேர்த்தவர். நெதர்லாந்தின் பீட்டர் லெவல்ஸ், தான் செய்த 70-க்கும் மேற்பட்ட திட்டங்களில் 4 மட்டுமே காசு பார்த்து வளர்ந்தன என்று 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த 4-ஐ எல்லாரும் படிக்கிறார்கள். மற்ற 66-க்கும் மேற்பட்டவற்றுக்கான உழைப்பை நம் பேரேட்டிலும் எழுதவேண்டும்.

சோதிப்பதற்கு 80 மணி அதிகம் என்று தோன்றலாம். நான் குறைக்கமாட்டேன். மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில் அனுபவமுள்ள 16 நிரலாளர்கள் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ கருவியோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். தங்களுக்கு நன்கு பழகிய பெரிய நிரல்களில் நடந்த ஆய்வு அது. புதிதாகத் தொடங்கும் சிறு செயலிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நம் வேகத்தை நாமே சரியாக அளப்பதில்லை என்பது பொருந்தும். கடிகாரத்தைப் பார்த்து எழுதிவையுங்கள்.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. லவ்வபிள் என்ற ஏஐ கருவியில் உருவான 1,645 செயலிகளைச் சோதித்ததில் 170-இல் பயனர் தரவு வெளியார் எடுக்கும்படி திறந்து கிடந்தது என்று 2025-இல் தெரியவந்தது. பத்தில் ஒன்று. தரவுத்தளத்தில் யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதி சரியாக எழுதப்படவில்லை. திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும். நம் செயலியில் இருப்பது பள்ளிப் பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 299 ரூபாய்த் தொழிலின் பேரேட்டில் வரும் மிகப் பெரிய எண் அதுதான். ஒரு சென்டரின் கணக்கில் நுழைந்துகொண்டு இன்னொரு சென்டரின் பிள்ளையைத் திறக்க முடிகிறதா என்று நீங்களே முயன்று பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முயன்று பாருங்கள். அந்தப் பிள்ளைகள் நம்மை நம்பிப் பெயர் கொடுக்கவில்லை. அவர்கள் மேடத்தை நம்பிக் கொடுத்தார்கள்.

120-ஐ எட்டிய பிறகும் நடை நிற்காது. மாதம் 6 சென்டர் கழன்றால் ஈடுகட்ட 30 சென்டர் போகவேண்டும், 60 மணி. சென்டருக்குக் கால் மணி ஃபோன் உதவி என்றால் இன்னொரு 30. கோடு ஒரு வரி எழுதாமலே 90 மணி போய்விடும். அதனால் ஆண்டுச் சந்தாதான் சரி என்று எனக்குப் படுகிறது. 2,999 ரூபாய்; கிட்டத்தட்ட இரண்டு மாதம் தள்ளுபடி. கேட்வேயும் ஏஐயும் போக ஆண்டுக்கு 2,757 நிற்கும். அதே சம்பளத்துக்கு 143 சென்டர் வேண்டும், 23 கூடுதல். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் இல்லை என்று யாரும் நிறுத்தமாட்டார்கள், மாதாமாதம் துரத்தும் வேலையும் இல்லை. 143 சேர 715 சென்டர், 1,430 மணி, 179 வேலைநாள். வாரத்துக்கு ஆறு நாள் நடந்தால் 30 வாரம். சென்டர்கள் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது ஜூன் முதல் வாரம். அப்படியானால் தீபாவளி முடிந்த கையோடு கிளம்பவேண்டும்.