பத்து மணிக்கு மேல் பாரதக் கூத்து: விதி சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

மாசி பிறப்பதற்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு தொடங்குவதற்கும் இடையே பெரும்பாலான ஆண்டுகளில் மூன்று வாரம்கூடத் தேறுவதில்லை என்பதால், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் திருவிழா எடுப்போர் காவல் நிலையத்துக்கு மனுவோடு அலையும் காலமாகவே பின்பனியின் தொடக்கம் அமைந்துவிடுகிறது. மாசியும் பங்குனியும் சேர்ந்த இப்பருவத்தில் ராகியும் சாமையும் வீடு வந்து சேர்ந்திருக்கும், புளியமரங்களில் உலுக்கு நடக்கும், மழைக்கு வாய்ப்பில்லை, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. ஊர் முழுவதும் திறந்த வெளியில் ஓர் இரவைக் கழிப்பதற்கு இதைவிட ஏற்ற காலம் ஆண்டில் வேறில்லை. அந்த இரவுக்கு உரிய கலையான பாரதக் கூத்தை எத்தனை மணி வரை நடத்தலாம் என்பதில்தான் வாசகர்களுக்குப் பெருங்குழப்பம் நிலவுகிறது. பத்து மணி என்கிறார் ஒருவர். பன்னிரண்டு என்கிறார் மற்றொருவர். சாமி காரியத்துக்குக் கணக்கே கிடையாது என்கிறார் மூன்றாமவர். மூவரும் பாதி சரி, பாதி தவறு.

கூத்து எப்படி நடக்கும் என்பதை இவ்வட்டார வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியது 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின் ஐந்தாம் விதியைத்தான். எழுத்து வடிவிலான அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாகாது என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய வளாகங்களுக்கு வெளியே பயன்படுத்தலாகாது என்றும் அது கூறியது. 2002இல் செய்யப்பட்ட திருத்தம், பண்பாட்டு அல்லது சமய விழாக்களுக்காக ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல் 10 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. இத்தளர்வை உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. பத்து என்பவரும் பன்னிரண்டு என்பவரும் பாதி சரியாவது இதனால்தான்.

இவ்விதியை வெறும் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. இரவு ஒலி குறித்து உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் அளித்த புகழ்பெற்ற தீர்ப்புக்குக் காரணமான வழக்கைத் தொடுக்கத் தூண்டியது ஒரு கொடுமை. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல் அண்டை வீட்டாருக்குக் கேட்காதபடி ஒலிபெருக்கிப் பாட்டு அதை மூழ்கடித்துவிட்டது. அந்தச் சிறுமி பின்னர் தீக்குளித்து இறந்தாள். உறங்கும் உரிமையும், தன் குரல் பிறர் காதில் விழும் உரிமையும் அற்ப உரிமைகள் அல்ல.

சிக்கல் தொடங்குவது 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதுவரை ஒலிபெருக்கியை மட்டும் குறித்துவந்த இரவுத் தடை, அந்த ஆண்டு முதல் ஒலி எழுப்பும் எந்தக் கருவியையும், குறிப்பாக இசைக்கருவியையும், தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்சாரம் தொடாத மத்தளமும் ஒரு சாண் நீளமுள்ள முகவீணையும் கைத்தாளமும், மரக்கிளையில் கட்டிய கூம்புக் குழாயும் இரவு பத்து மணிக்கு மேல் விதியின் கண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. ஒலியைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லும் விதி, இந்த இடத்தில் ஒலியை அளக்கவில்லை. கருவியின் பெயரைக் கேட்டே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற அளவுகோல் அதே விதிகளின் அட்டவணையில் இருக்கிறது. டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பது அதன் கணக்கு. இத்தனை நுணுக்கமான அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தாமலேயே மத்தளத்துக்குத் தடை போட்டிருப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

அதே வாசகத்தில் ஒரு விலக்கும் உண்டு. கலையரங்கம், கருத்தரங்கக் கூடம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய வளாகங்களுக்குள்ளேயே நின்றுவிடும் ஒலிக்குத் தடையில்லை. நகரத்தில் நான்கு சுவரும் கூரையும் உடைய அரங்கில் நள்ளிரவு தாண்டி ஒரு கச்சேரி நடந்தால் விதி குறுக்கே வருவதில்லை. பாப்பாரப்பட்டிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் நடக்கும் கூத்துக்கு வருகிறது. கட்டடம் வைத்திருக்கும் கலைக்குச் சலுகையும் வானத்தைக் கூரையாகக் கொண்ட கலைக்குத் தடையும் வகுப்பது விதியை எழுதியவர்களின் நோக்கமாக இருந்திருக்காது; ஆனால் விளைவு அதுவாகவே இருக்கிறது.

கூத்தைப் பத்து மணிக்குள் ஆடி முடித்தால் என்ன என்று கேட்கப்படுவதுண்டு. விதி இரவு என்று வரையறுக்கும் எட்டு மணி நேரமும் கூத்துக்குரிய எட்டு மணி நேரமும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் இதற்கு முதல் விடை. இரண்டாவது விடை சடங்கைச் சார்ந்தது. பாரதம் என்று ஊரார் சொல்லும் விழாவில், பிற்பகலில் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்லும் பிரசங்கமும், இரவில் அதே கதைப் பகுதியை ஆடும் கூத்தும் இணைந்து செல்கின்றன. பதினெட்டாம் போர் ஆடப்படும் இறுதி இரவில் கூத்து, ஆடுகளமாகிய களரியோடு முடிவதில்லை. பொழுது புலர்ந்ததும் வேடக்காரர்கள் அரிதாரம் கலையாமலேயே படுகளத்துக்குச் செல்கிறார்கள். மண்ணால் செய்து கிடத்தப்பட்டிருக்கும் துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்பட்டு, துகிலுரிதல் நாளிலிருந்து விரிந்து கிடந்த திரௌபதியின் கூந்தல் முடியப்படுவது பகல் வெளிச்சத்தில் ஊரார் கண்முன் நடக்கிறது. இரவில் நாடகமாக இருந்தது விடிந்தபின் வழிபாடாகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊரை அழைத்துச் செல்வது அந்த விடியல். சாமி காரியத்துக்குக் கணக்கே கிடையாது என்பவர் பாதி சரியாவது இங்கேதான். அதை வெட்டிவிட்டு முன்பாதியை மாலை ஏழு மணிக்கு ஆடினால் போதாதா என்று கேட்பது, தாலி கட்டும் நேரத்தை மண்டப வாடகைக்கு ஏற்ப மாற்றச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒலிபெருக்கி இல்லாமல் கூத்து நடக்குமா என்ற கேள்விக்கு விடையைக் கூத்தின் அமைப்பே தந்துவிடுகிறது. களரியில் நிற்கும் வேடக்காரர் ஓர் அடியைப் பாடியதும், பின்னால் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கி மீண்டும் பாடுகிறார்கள். முன்வரிசையில் பாயில் அமர்ந்திருப்பவருக்கு முதல் முறையிலேயே கேட்ட சொல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் நிற்பவருக்கு இரண்டாம் முறையில் போய்ச் சேர்கிறது. வேடக்காரர் அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிக்கொள்ளும் இடைவெளியும் அதுவே. முகவீணையின் உச்ச சுருதி மத்தளத்தின் தடித்த ஒலியில் புதைந்து போகாமல் தனித்துக் கேட்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நடந்த கதையைப் பேச்சுத் தமிழில் திரும்பச் சொல்கிறான். பின்பாட்டும் கட்டியக்காரனும் சேர்ந்து கூத்தின் மனித ஒலிபெருக்கியாகச் செயல்படுகிறார்கள். தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலம் முதல் இதைக் கொண்டே ஊர் கதை கேட்டது. களரிக்கு மேலே குறுக்குக் கழியிலிருந்து ஒலிவாங்கி தொங்கத் தொடங்கிய பின், பாட்டு வரும்போதெல்லாம் அதன் அடியில் வந்து நிற்க வேண்டிய நிலை ஏற்பட்டு, களரி முழுவதும் சுற்றி ஆடிய அடவு சுருங்கியது. கூத்துக் கலைக்கு ஒலிபெருக்கி செய்தது நன்மை மட்டுமன்று.

ஒலிபெருக்கி இல்லாத குரலின் வலிமையைப் பற்றிச் சொல்லப் பாப்பாரப்பட்டிக்கு உரிமை உண்டு. 1925 ஜூலை 23 அன்று இவ்வூரில் மறைந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம்பிள்ளையோடு சேர்ந்து பெருங்கூட்டங்களில் முழங்கி, அதற்காகவே சிறை சென்றவர். அக்கூட்டங்களில் ஒலிபெருக்கி என்ற பொருளே கிடையாது.

எனவே பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, வாய்ப்பாட்டோடும் மத்தளத்தோடும் விடியும் வரை ஆடலாம் என்ற நியாயமான நடுவழி கண்ணுக்குத் தெரிகிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயாளிக்கும் அது தீங்கு செய்யாது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரின் உறக்கத்தைக் குலைப்பது நான்கு திசைக்கும் கட்டப்படும் கூம்புக் குழாயே தவிர முகவீணை அல்ல. ஆனால் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அந்த நடுவழியும் அடைபட்டுப் போகிறது. இரவு முழுவதும் மத்தளம் ஒலிக்க அனுமதி தர விரும்பும் அதிகாரிக்கும் விதியில் இடமில்லை. அவர் காணாததுபோல் இருந்துவிடலாம், அவ்வளவே. ஊரின் மிகப் பெரிய கலை நிகழ்வு ஒரு காவல் அதிகாரியின் பெருந்தன்மையை நம்பி நடப்பது அதிகாரிக்கும் நல்லதன்று, ஊருக்கும் நல்லதன்று. ஒருவர் மாற்றலாகி வேறொருவர் வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும்.

பதினைந்து நாள் தளர்வில் அறியப்படாத ஒரு கூறு உண்டு. எந்தெந்த நாள்கள் என்பதை மாநில அரசோ, அதனால் அதிகாரம் அளிக்கப்பட்ட மாவட்ட நிர்வாகமோ முன்கூட்டியே குறிப்பிட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்கிறது. தருமபுரியின் பின்பனிக் கூத்துகளையும் சென்னையின் விழாக்களையும் ஒரே பட்டியலில் அடைக்காமல், மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப் பட்டியல் வகுக்க இது வழி திறக்கிறது. எனினும் தளர்வு நள்ளிரவோடு முடிந்துவிடுவதால், படுகளத்துக்கு முந்திய இரவுக்கு அது பாதி மருந்துதான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்:

அனுமதி தருபவர் யார்? மாவட்ட ஆட்சியர், அல்லது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத, இதற்கெனக் குறிக்கப்பட்ட அதிகாரி.

அனுமதி இருந்தால் எவ்வளவு சத்தமும் வைக்கலாமா? இல்லை, பொது இடத்தின் எல்லையில் அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு.

பள்ளிக்கு அருகில்? பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் பகலில் 50, இரவில் 40 டெசிபல்.

மயானக் கொள்ளை ஊர்வலம்? பகலில் நடப்பதால் நேரத் தடை இல்லை. ஒலி வரம்பு உண்டு.

எருது விடும் விழா? அது வேறு சட்டம். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவித்த இடங்களில் மட்டும். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது.

தேர்தல் காலத்தில்? பத்து மணித் தடை கூடுதல் கண்டிப்போடு செயல்படும். 2021இல் பிப்ரவரி 26 அன்றே நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்து மாசியின் பின்பாதியையும் பங்குனி முழுவதையும் தழுவின.

மத்திய அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான்: திறந்த வெளியில், மின்பெருக்கம் இல்லாமல், டெசிபல் வரம்புக்குள் ஒலிக்கும் இசைக்கருவியைத் தடையிலிருந்து விலக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் தளர்வு நாள்களின் பட்டியலை மாசி பிறக்கும் முன்பே ஒவ்வொரு பேரூராட்சியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். திருவிழாக் குழுவினர் கூம்புக் குழாய்களை இந்த ஆண்டே இறக்கிவிட வேண்டும். மனு எழுதும்போது "கூத்து நடத்த அனுமதி" என்று ஒற்றை வரியில் கேட்காமல், ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு அணைக்கப்படும், அதன்பின் எந்தெந்தக் கருவிகள் ஒலிக்கும், விடியும் வரை ஆடப்படும் இரவு எந்தத் தேதி என்று தனித்தனியாகக் குறிப்பிட்டு, கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.