லண்டன் கேட்காத பாட்டு

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம்மவர்களுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். கிளைவ் லாயிடும் ரோஹன் கன்ஹாயும் பிறந்த கயானாவிலிருந்து லண்டனுக்குக் குடிபோன இரண்டு பையன்கள், மட்டையை விட்டுக் கித்தாரைப் பிடித்தார்கள். ஒருவர் பாட்ரிக் பாட்டர்சன். (அதே பெயரில் ஜமைக்காவின் வேகப் பந்து வீச்சாளர் ஒருவர் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.) மற்றவர் ஸ்டீவ் சிப்பியோ. தெற்கு லண்டனில் பால்ஹாம் என்ற பகுதியில் வளர்ந்த நண்பர்கள்.

1971-ல் இவர்கள் சேர்த்த இசைக் குழுவுக்குச் 'சிமாண்டே' என்று பெயர். கலிப்ஸோ பாட்டில் புறாவைக் குறிக்கும் சொல் அது. கயானா, ஜமைக்கா, செயின்ட் வின்சென்ட் என்று குழுவில் இருந்தவர்களுக்குச் சொந்த ஊர் பல; பிழைக்க வந்த ஊர் ஒன்று.

அந்த ஊர் அவர்களை எப்படி நடத்தியது? லண்டன் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் போதாமல், 1956-லிருந்து பார்படாஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தார்கள். வேலைக்கு வரலாம். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்துவார்கள். 1968-ல் ஈனாக் பவல் என்ற எம்.பி., குடியேறியவர்களை எதிர்த்துப் பேசிய பேச்சு நாட்டையே கலக்கியது. சிமாண்டே பையன்கள் வாத்தியம் பழகிய காலம் அதுதான்.

இவர்கள் வாசித்தது 'ஃபங்க்'. மெட்டைவிடத் தாளத்துக்கு அதில் முதல் மரியாதை. பேஸ் கித்தாரும் டிரம்மும் முன்னே நடக்க, மற்ற வாத்தியங்கள் பின்னே வரும். அதோடு ராஸ்தபாரியர்களின் பூஜை முழவு, கலிப்ஸோ, ஜாஸ் எல்லாவற்றையும் கலந்து 'நயா ராக்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவசரமில்லாத இசை.

அமெரிக்கா அழைத்தது

ஜான் ஷ்ரோடர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வேறொரு குழுவைக் கேட்பதற்காக ஸோஹோவில் ஒரு கிளப்புக்குப் போனார். அங்கே இவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் 1972-ல் முதல் இசைத்தட்டு வந்தது. லண்டன் கண்டுகொள்ளவில்லை. 'தி மெஸேஜ்' என்ற பாட்டு 1973-ல் அமெரிக்கப் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் ஏறியது. புகழ்பெற்ற பாடகர் அல் கிரீனோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம். நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள அப்பல்லோ அரங்கம் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கோயில் மாதிரி. பிரிட்டனிலிருந்து போய் அங்கே பிரதான நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினக் குழு சிமாண்டேதான் என்பார்கள்.

ஊர் திரும்பினால் பழைய கதைதான். சின்னச் சின்னக் கிளப்புகள், காலி நாற்காலிகள். 1974-ல் மூன்றாவது இசைத்தட்டு வந்தது, அதுவும் விலைபோகவில்லை. கொஞ்ச நாளில் குழு கலைந்துவிட்டது. பாட்டர்சனும் சிப்பியோவும் சட்டம் படித்துக் கறுப்பு அங்கி போட்டார்கள். டிரம் வாசித்த சாம் கெல்லி மட்டும் வாத்தியத்தை விடாமல் 'புளூஸ்' குழுக்களில் வாசித்துப் பிழைத்தார்.

இரண்டு தட்டு வித்தை

முதல் இசைத்தட்டில் 'பிரா' என்று ஒரு பாட்டு. வாசகர்கள் வேறு எதையும் நினைக்க வேண்டாம். 'பிரதர்' என்பதன் சுருக்கம். அதன் நடுவே பாட்டு நின்று பேஸ் கித்தாரும் தாளமும் தனியாக ஓடும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழை இளைஞர்களின் விருந்துகளில், நம் கல்யாண வீட்டு ரேடியோ செட்டுக்காரர் போல ரிக்கார்டு போடுகிறவர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பெட்டியில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றதில் தொடங்குவார்கள். தாளம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். 'ஹிப் ஹாப்' இசை பிறந்தது இப்படித்தான்.

பிறகு தாளத்தை வெட்டி எடுத்து ஒட்டக் கருவிகள் வந்தன. 1989-ல் 'டி லா சோல்' குழு 'பிரா'விலிருந்து எடுத்தது. 1996-ல் 'ஃப்யூஜீஸ்' குழு, சிமாண்டேயின் 'டவ்' பாட்டின் துண்டை வைத்து 'தி ஸ்கோர்' பாட்டைச் செய்தது. அதே பெயர் கொண்ட இசைத்தட்டு ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதை வாங்கியவர்களில் எத்தனை பேருக்குப் பால்ஹாம் பையன்களைத் தெரிந்திருக்கும்? லண்டனிலேயே 1980-களில் அரிய பழைய தட்டு தேடி அலைந்த இளைஞர்கள், 'பிரதர்ஸ் ஆன் தி ஸ்லைட்' என்ற அவர்களுடைய 1974-ம் வருடப் பாட்டுக்கு ஆடினார்கள். வாசித்தவர்களோ அப்போது வழக்குக் கட்டுகளோடு இருந்தார்கள்.

தலை நரைத்த பிறகு பழைய கூட்டாளிகள் மறுபடி கூடினார்கள். 2015-ல் புது இசைத்தட்டு வந்தது. 2022-ல் இவர்கள் கதை டாகுமெண்டரிப் படமாயிற்று. 2025 ஜனவரியில் 'ரெனஸன்ஸ்' என்று இன்னொரு இசைத்தட்டும் வந்துவிட்டது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 'டவ்' பாட்டில் தொடங்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டர்சனின் கித்தார் நிதானமாக வரும்; ராத்திரி டூட்டி முடிந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.