மீயொலி கேட்டல்

மீயொலி கேட்டல் என்பது மனிதச் செவியின் மேல் எல்லையைக் கடந்த அதிர்வெண் கொண்ட ஒலியை உணர்தலைக் குறிக்கும். இளமையில் நலமான செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். இதற்கு மேற்பட்டது மீயொலி, கீழ்ப்பட்டது குற்றொலி எனப்படும்.

எல்லைக்கான காரணம்

காற்றில் வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவியின் நத்தைச்சுருளுக்குக் கடத்துகின்றன. மிக விரைவான அதிர்வுகளை இவ்வமைப்பு நன்கு கடத்துவதில்லை. நத்தைச்சுருளின் தொடக்கப் பகுதி உயர் அதிர்வெண்களை உணர்கிறது. அங்குள்ள மயிர்க்கலங்கள் முதலில் பழுதடைவதால், வயது ஏற ஏற மேல் எல்லை குறைகிறது. பேரிரைச்சல் இவ்விழப்பை விரைவுபடுத்தும். இழந்த மயிர்க்கலங்கள் மீண்டும் வளர்வதில்லை.

எலும்பு வழிக் கேட்டல்

அதிர்வூட்டி ஒன்றைத் தலையோட்டின் மீது அழுத்தி வைத்தால் மீயொலியையும் மனிதர் உணர்வர். ஆயினும் அதன் அதிர்வெண்ணை மாற்றினாலும் ஏறத்தாழ ஒரே கீச்சொலியாகவே தோன்றும். 1991இல் அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டின் லென்ஹார்ட் குழுவினர் பேச்சை மீயொலியில் ஏற்றி எலும்பு வழியே செலுத்தினர். செவித்திறனைப் பெரிதும் இழந்தோர் சிலரும் அதிலிருந்து சொற்களை அறிந்தனர். எனவே, 20,000 ஹெர்ட்ஸ் என்பது காற்று வழியே கேட்பதற்கான எல்லையே ஆகும்.

விலங்குகள்

நாய்கள் ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மதுரைப் பகுதியில் ஆராயப்பட்ட 'ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ்' என்னும் இலைமூக்கு வௌவால், ஏறத்தாழ 1,30,000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இரை தேடுகிறது. வௌவால்களின் கீச்சொலியாக நாம் கேட்பது இவ்வொலியன்று. அவை தமக்குள் எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளே.