நாடு மாறினால் ரெஸ்யூமும் மாற வேண்டும்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர்களான பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் டைப் அடித்து வாங்கும் ரெஸ்யூம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். மேல் மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம். அதன் கீழே தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனவரா, தெரிந்த மொழிகள். பிறகு டென்த், இண்டர், டிகிரி மார்க்குகள். கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் கொடுக்க இது போதும். அதே தாள் குவைத்துக்கும் டொராண்டோவுக்கும் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அப்படியே போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வேலை தெரிந்த ஒருவர் நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாமல் போவதற்கு அந்தத் தாளும் ஒரு காரணம். நாட்டுக்கு நாடு ரெஸ்யூமைத் திருத்தி எழுதுவதைப் பலர் வெளிப்பூச்சு என்று நினைக்கிறார்கள், சிலர் ஏமாற்று என்றே நினைக்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் எண்ணம். நாம் இங்கே செய்த வேலைக்கு அங்கே உரிய மதிப்பு கிடைக்க வேண்டுமானால், அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு எது தெரியாது, எதைப் பார்க்க அவர் தயங்குவார் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் எழுத வேண்டும்.

தயக்கத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 1967-இல் வந்த இன்னொரு சட்டம் 40 வயதை எட்டியவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. பிரிட்டனில் 2010-இன் சமத்துவச் சட்டம் இதே வேலையைச் செய்கிறது. விண்ணப்பிப்பவர் தன் படத்தை ஒட்டக் கூடாது என்று இந்தச் சட்டங்கள் சொல்லவில்லை. ஆனால் மதமும் வயதும் முகமும் தெரிந்த பிறகு ஒருவரை நிராகரித்தால், அதனால்தான் நிராகரித்தார்கள் என்று வழக்கு வரக்கூடும். ஆகவே அந்த விவரம் மேசைக்கே வராமல் இருப்பதை நிறுவனங்கள் விரும்புகின்றன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடைமுறை இதுதான். நாம் நேர்மையின் அடையாளமாக எழுதும் மதமும் திருமண நிலையும் அங்கே தர்மசங்கடமான தகவல்கள்.

இந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் உண்டு. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பிப் பார்த்த மரியன் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் தாங்கிய தாள்களுக்குக் கறுப்பினப் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. நம் நாடும் விலக்கல்ல. சுகதேவ் தோராட், பால் அட்டவெல் இருவரும் இங்கே தனியார் நிறுவனங்களின் நாளிதழ் விளம்பரங்களுக்கு இதே முறையில் விண்ணப்பித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் உயர்சாதி இந்துப் பெயரைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது தெரிந்தது. மதத்தையும் சாதியையும் காட்டும் வரி யாருக்கு உதவுகிறது, யாருக்குக் கெடுதல் செய்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. உள்ளூர் ரெஸ்யூமிலிருந்தும் அந்த வரியை எடுத்துவிடலாம் என்பேன்.

அதற்காகப் படத்தையும் சொந்த விவரத்தையும் எல்லா நாட்டுக்கும் நீக்கிவிட முடியாது. வளைகுடா நாடுகளில் படம், நாடு, விசா நிலை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே எதிர்பார்க்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் வேலையில் சேர முடியும் என்பது அங்கே முக்கியமான கேள்வி. ஜெர்மனியில் 2006-இன் சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு படத்தைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்றாலும் பலர் இன்னும் வைக்கிறார்கள். அங்கே அதைவிடப் பெரிய விஷயம் காலவரிசை. மாதம், வருடம் போட்டு அட்டவணையாக எழுத வேண்டும். இடையில் ஆறு மாதம் காலியாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். சான்றிதழ்களின் நகலையும் இணைக்க வேண்டும். ஜப்பானில் ரிரெகிஷோ என்ற கட்டம் போட்ட படிவம் நீண்ட காலமாக ஆண்டது. குடும்பத்தில் தன்னை நம்பியிருப்பவர் எத்தனை பேர், வேலைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் அதில் கேட்டார்கள். 2021 ஏப்ரலில் அந்நாட்டுத் தொழிலாளர் நல அமைச்சகம் வெளியிட்ட புதிய மாதிரியில் இக்கட்டங்கள் போய்விட்டன. பாலினத்தை எழுதுவதும் அவரவர் விருப்பமாயிற்று. படம் மட்டும் இன்னும் இருக்கிறது. நிரந்தரமான உலக மாதிரி என்று ஒன்று இல்லை, ஒரு நாட்டின் மாதிரிகூடச் சட்டத்தோடு சேர்ந்து நகர்கிறது என்பதற்கு ஜப்பானே சாட்சி.

எதை நீக்குவது, எதை வைப்பது என்பது எளிதான பாதி. எதை விளக்குவது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது, நம் வட்டாரத்தவருக்கு இது இரண்டு மடங்கு உழைப்பு. தமிழ் பேசும் பிச்சாட்டூர்ப் பிள்ளை ஆந்திர வாரியத்தில் டென்த் முடித்து, இண்டர் படித்து, புத்தூர்ப் பக்கம் பி.டெக். சேர்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டையில் இருக்கும் அவருடைய அத்தை மகன் பிளஸ் டூ முடித்து பி.இ. படிக்கிறார். இரண்டும் ஒரே நிலைப் படிப்பு என்பது நமக்குத் தெரியும். இண்டர்மீடியட் என்று மட்டும் எழுதினால், 12 ஆண்டுப் பள்ளிக் கல்வியின் கடைசி இரண்டு வருடம் அது என்று கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி சேர்த்தால் போதும். ஐ.டி.ஐ. படித்தவர் எத்தனை வருடப் பயிற்சி, என்ன டிரேடு, தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றாரா என்பதையெல்லாம் எழுத வேண்டும். ஜெர்மனிக்குப் போகிறவர் தன் பட்டமும் கல்லூரியும் அங்கே எப்படி மதிக்கப்படுகின்றன என்பதை அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் முன்கூட்டியே பார்த்து, அந்தச் சொற்களிலேயே எழுதினால் பாதி சந்தேகம் தீரும்.

படிப்பைவிட வேலை அனுபவம்தான் அதிகமாகக் குறைபட்டுப் போகிறது. நம் ரெஸ்யூம்களில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் கம்பெனி பெயர், ஹெல்பர் அல்லது ஆபரேட்டர் என்ற ஒரு சொல், இரண்டு வருடம் என்ற கணக்கு, அவ்வளவுதான் இருக்கும். ஏசி இயந்திரம், பிக்கப் வண்டி, மெட்ரோ ரயில் பெட்டி எல்லாம் தயாராகும் ஸ்ரீசிட்டி மாதிரியான இடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவரின் கையில் இருப்பது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காது. அவர் எந்த இயந்திரத்தில் நின்றார், ஒரு ஷிப்டில் எத்தனை உதிரிபாகம் முடித்தார், அளவு பார்க்க வெர்னியரா மைக்ரோமீட்டரா, ரிஜெக்‌ஷன் வந்தால் யாரிடம் சொல்லி எப்படிச் சரிசெய்தார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாரா? வெல்டர் என்றால் ஆர்க், டிக், மிக் எது, தகட்டின் கனம் எவ்வளவு, 3ஜி நிலையா 6ஜி நிலையா? நர்ஸ் என்றால் எத்தனை படுக்கை கொண்ட வார்டு, வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாரா? சமையல்காரர் என்றால் ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குச் சமைத்தார்? பதவியின் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடும். தகட்டின் கனமும் படுக்கை எண்ணிக்கையும் எல்லா இடத்திலும் ஒன்றே. நம்மவர்கள் இதை எழுதத் தயங்குவது அடக்கத்தால் என்று நினைக்கிறேன். செய்த வேலையை அளவோடு சொல்வது தற்பெருமை ஆகாது.

இங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேலை செய்வது ஒரு தொழிற்சாலையில், சம்பளச் சீட்டில் இருப்பது ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரின் பெயர். ரெஸ்யூமில் தொழிற்சாலையின் பெயரை மட்டும் எழுதினால், விசாரிக்கிறவர்களுக்கு அங்கே இப்படி ஒருவர் வேலை பார்க்கவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். உண்மையைச் சொன்னவர் பொய்யராகிவிடுவார். ஒப்பந்ததாரர் பெயர், அவர் மூலம் பணிபுரிந்த ஆலையின் பெயர் இரண்டையும் எழுதுவதே சரி.

பெயர் விஷயத்திலும் எல்லைப்புற ஊர்களுக்கு அதிகக் கவனம் வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் இனிஷியல் தந்தையின் பெயரைக் குறிக்கும். தெலுங்குக் குடும்பத்தில் அது வீட்டுப்பெயரைக் குறிக்கும். இரண்டு வழக்கமும் ஒரே தெருவில் இருப்பதால், டென்த் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் பெயர் அமைந்துவிடுகிறது. இது சிறிய விஷயம் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்த தென்னிந்தியர்கள் பலர் தவித்தார்கள். ரெஸ்யூமில் வடிவத்தையும் வரிசையையும் நாட்டுக்கேற்ப மாற்றலாம். பெயர் மட்டும் எல்லா நாட்டுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

இப்படி மாற்றி மாற்றி எழுதுவது பொய்யாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சொல்லும் வரிசையை மாற்றுவதும், தேவையற்றதை விடுவதும், தெரியாததை விளக்குவதும் பொய்யில் சேராது. இரண்டு வருடத்தை ஐந்தாக்குவதும் எழுதாத தேர்வை எழுதியதாகச் சொல்வதும் பொய். இந்தக் கோட்டைத் தாண்டுவதன் விலை வேலை போவதோடு முடியாது. கனடாவில் விசா விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்தது தெரிந்தால் 5 ஆண்டுகள் உள்ளே நுழைய முடியாது. பிரிட்டனில் ஏமாற்றினால் தடை 10 ஆண்டுகள் வரை போகும். விசாவுக்குக் கொடுத்த வேலை வரலாறும் நிறுவனத்துக்குக் கொடுத்த ரெஸ்யூமும் முரண்பட்டால், அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

இன்னொரு மறுப்பு கனமானது. பாகுபாடு காட்டுகிறவர்கள் அவர்கள், நாம் ஏன் மாற வேண்டும்? டொராண்டோவில் பிலிப் ஓரியோபொலஸ் ஆயிரக்கணக்கான ரெஸ்யூம்களை அனுப்பி நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. ஆங்கிலப் பெயருக்கு, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிக அழைப்பு. பெயரை மாற்றிக்கொள் என்று இதைப் படித்துவிட்டு யாராவது அறிவுரை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அநீதியைத் திருத்த வேண்டியது அந்நாட்டுச் சட்டம். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் கனடிய அனுபவம் கேட்பதே பாகுபாடு ஆகலாம் என்று 2013-இல் கொள்கை வெளியிட்டது. வேலை விளம்பரங்களில் அப்படிக் கேட்பதைத் தடுக்கும் மாகாணச் சட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: உள்நாட்டில் படித்த படிப்பைவிட உள்நாட்டில் பெற்ற அனுபவத்தை நிறுவனங்கள் அதிகம் மதித்தன. அதாவது தெரியாத இடத்து அனுபவத்தை எடைபோட அவர்களுக்கு வழி தெரியவில்லை, அல்லது மனம் இல்லை. மனம் இல்லாதவரை நம் தாள் மாற்றாது. வழி தெரியாதவருக்கு அது உதவும், அப்படிப்பட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறவர்கள் சொல்வது வேறு: எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். அந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஏஜென்ட் எழுதிக்கொடுத்த அனுபவம் தொழில் திறன் தேர்வில் வெளிப்படும்போது, அகப்படுவது தேர்வு எழுதியவர். சவூதி இப்போது பல தொழில்களுக்கு இந்தியாவிலேயே திறன் சோதனை நடத்துகிறது. தன் பெயரில் போகும் தாளைத் தானே படித்துப் பார்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை வாசித்துச் சொல்லச் சொல்லலாம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். தமிழ்நாடு அரசு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, ஆந்திர அரசுக்கும் அதுபோல ஒன்று உண்டு.

இத்தனைக்கும் அடிப்படை ஒரு தாள், அனுபவக் கடிதம். கனடாவின் குடியேற்றத் துறை அதில் பதவி, செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. நம் நிறுவனங்கள் தரும் கடிதத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர் என்ற இரண்டு வரிதான் இருக்கும். மூன்று வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த மேலாளர் மாறியிருப்பார், ஒப்பந்ததாரர் கடையை மூடியிருப்பார். வேலையை விடும் வாரத்திலேயே, செய்த பணிகளைத் தானே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், அதன்படி கடிதம் தரும்படி கேட்டு, முத்திரையும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.