இணையத்தை அறுத்தல் உறவை அறுத்தலாகும்

தொலைபேசியற்றுக் கிடந்த யாழ்ப்பாணத்தை எம்மவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் ஊரில் குண்டு விழுந்த செய்தி வானொலியில் வரும். வீட்டார் உயிருடன் உள்ளனரா என்பதை அறிய, ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கிற் காத்திருந்தோம். அவ்வாறு காத்திருந்த எமக்கு, மியன்மாரின் யங்கோன் நகரில் இணைய உரிமைக்காகக் குரல்கொடுத்த தொண்டு அமைப்புக்களின் கதை அந்நியமானதன்று.

2007 செப்ரெம்பரில் பௌத்த பிக்குமார் யங்கோன் வீதிகளில் ஊர்வலம் சென்றபோது, இளைஞர்கள் அந்நிகழ்வுகளின் படங்களை இணையம் வழியாக வெளியுலகுக்கு அனுப்பினர். மாத இறுதியில் இராணுவ ஆட்சியாளர் நாடு முழுவதற்குமான இணையத்தைத் துண்டித்தனர். இணையத்தில் எழுதிவந்த நே போன் லாட் என்னும் இளைஞர் 2008 யனவரியிற் கைதானார். 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. 2012 யனவரியில் விடுதலையான அவர், தோழர்களுடன் இணைந்து 'மிடோ' என்னும் இலாபநோக்கற்ற அமைப்பைத் தொடக்கினார். தகவல் தொழில்நுட்பம் சாதாரண மக்களையும் சென்றடையவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

2014 இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும், முன்னர் செல்வந்தர்க்கே எட்டிய சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. விலை இறங்கியதேயன்றி அச்சம் நீங்கவில்லை. 2013 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 66(ஈ) பிரிவு, இணையத்தில் எழுதியோரைச் சிறைக்கு அனுப்பியது. 77 ஆம் பிரிவு, அவசரநிலையின் பெயரால் சேவையை நிறுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. இவற்றைத் திருத்துமாறு யங்கோன் அமைப்புக்கள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தின.

அவர்கள் அஞ்சியதே நடந்தது. அதுவும் மக்கள் தெரிவுசெய்த அரசின் காலத்திலேயே நடந்தது. 2019 யூனில் ராக்கைன், சின் மாநிலங்களின் போர்ப்பகுதிகளில் கைத்தொலைபேசி இணையம் நிறுத்தப்பட்டது. 2020 பெப்ரவரியில் யங்கோன் மாணவர்கள் இதனைக் கண்டித்து வீதியில் இறங்கியபோது, அவர்கள்மீதே வழக்குத் தொடரப்பட்டது. தொலைதூரச் சிறுபான்மையினருக்காக யங்கோன் பிள்ளைகள் அன்று குரல்கொடுத்தமை போற்றுதற்குரியது என்போம்.

2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதே ஆயுதம் இப்போது யங்கோன் மீதே திரும்பியது. முதலில் இரவுதோறும் இணையம் நின்றது. மார்ச் நடுப்பகுதியிற் கைத்தொலைபேசி இணையமும் நாடெங்கும் அறுந்தது. உரிமைக்காகப் பேசியோர் பலர் தலைமறைவாயினர். ஏனையோர் எம்மைப்போல் நாட்டைவிட்டு வெளியேறினர். 2024 இல் மட்டும் மியன்மாரில் 85 தடவை இணையம் துண்டிக்கப்பட்டதாக 'அக்செஸ் நவ்' அமைப்புக் கணக்கிட்டுள்ளது. அவ்வாண்டில் உலகிலேயே மிகக்கூடிய எண்ணிக்கை இதுவாகும்.

இணையத்தை வேண்டுமென்றே துண்டிப்பதை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2016 இலேயே கண்டித்துள்ளது. கண்டனத்தால் மட்டும் கம்பி இணைந்துவிடாது. தாயின் குரலுக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் தவிப்பை எமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, இவ்வமைப்புக்களின் வேண்டுகோள் எம்மிடம் வரும்போது, அது வேறொரு நாட்டாரின் விவகாரம் என நாம் ஒதுங்கலாகாது.