ஊராட்சியும் ஊரார் குரலும்



சென்னை இராயபுரத்தில் பழமையான இரயில் நிலையம் ஒன்று உண்டு. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வண்டி அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்நிலையத்தினின்றும் கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்வோமாயின், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், தண்டையார்ப்பேட்டை, பழம்பெருங் கோயில் விளங்கும் திருவொற்றியூர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றிற்கும் அப்பால் இருப்பது எண்ணூர். வலப்புறம் கடல், இடப்புறம் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள், இவ்விரண்டிற்கும் நடுவே மீனவர் குப்பங்கள். நாட்டிற்கு மின்சாரமும் எண்ணெயும் மோட்டார் வாகனங்களும் வழங்கிவரும் இப்பகுதி, நமக்கு ஒரு பாடத்தையும் வழங்குகின்றது. அரசாங்கம் வகுக்கும் பொதுக் கொள்கை நற்பயன் தருவதும் தராமற் போவதும் எதனைப் பொறுத்தவை என்பதே அப்பாடம். அதனையே இன்று ஆராய்வோம்.

கொள்கை என்பது தாளில் எழுதப்பெறுவது. பயன் என்பது தரையில் விளைவது. துணி எத்துணை விலையுயர்ந்ததாயினும், அளவெடுக்காமல் தைத்த சட்டை உடலுக்குப் பொருந்துவதில்லை. அவ்வாறே, ஓர் ஊரின் நிலத்தையும் நீரையும் பசியையும் அறியாமல் வகுத்த திட்டம் அவ்வூருக்குப் பொருந்துவதில்லை. அளவெடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, முன்னாளில் ஸ்தல ஸ்தாபனம் என்று வழங்கிய உள்ளாட்சி மன்றம். மற்றொன்று, பொதுக் காரியங்களில் மக்கள் தாமே நேராகக் கொள்ளும் பங்கு. இவ்விரண்டிற்கும் வடசென்னையோடு தொடர்புடைய சான்றுகள் உள்ளன.

முதற் சான்று நீங்கள் அனைவரும் அறிந்த பள்ளி உணவு. சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. எனினும், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கு அதில் செல்வாக்கு உண்டாக இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920ஆம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயர் அதன் தலைவராக விளங்கினார். பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள தியாகராயர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்பது. அவர் காலத்து மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்னும் உண்மையைக் காண ஆராய்ச்சிக் குழு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தெருவைக் கண்டவர் மன்றத்தில் அமர்ந்திருந்தால் போதுமானதாயிருந்தது.

ஆனால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்யலாகாதென்று அன்றைய அரசாங்கம் தடுத்தமையால், 1925இல் அத்திட்டம் இடையில் முறிந்தது. அதன் கருத்து மட்டும் மறையவில்லை. 1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கிற்று. அப்பொழுது ஊர் மக்கள் பணமும் தானியமும் தந்து அதனைத் தாங்கினர். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஒரு நகர மன்றம் ஒரு பள்ளியில் இட்ட வித்து நாடு முழுவதற்கும் நிழல் தந்தது.

இனி இரண்டாஞ் சான்றுக்கு வருவோம். இங்கு மன்றம் வாய் திறக்க இயலாதிருந்த காலத்தில், மக்கள் தாமே பேச நேர்ந்தது.

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. கலக்குமுன் அது அகன்று பரந்து உப்புநீர்க் கழியாகின்றது. பக்கிங்காம் கால்வாயும் அதனை வந்து சேர்கின்றது. வடக்கே பழவேற்காட்டு ஏரியோடு நீர்த்தொடர்பும் உண்டு. கடல் ஏறும்போது உவர்நீர் உள்ளே வருகின்றது. வற்றும்போது வெளியே செல்கின்றது. இந்த இறங்கலும் ஏற்றமுமே அலையாத்தி மரங்களையும், இறாலையும், நண்டையும், மடவை மீனையும் வளர்க்கின்றன. மழைக்காலத்தில் மேற்கேயிருந்து வரும் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வாயிலும் இதுவே. ஆகவே, கழிமுகத்தின் ஆழம் மீனவர் உலைக்கு மட்டுமன்று, நகரத்தார் வீட்டு வாயிலுக்கும் காவலாகும்.

இக்கழியின் கரையில் தொழில்கள் பெருகின. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கிற்று. அது 2017இல் மூடப்பெற்றது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் எழுந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பெற்றுப் பின்னர் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய்களின் வழியே சாம்பற் குளத்திற்கு அனுப்புவது வடசென்னை நிலையத்தின் முறை. அக்குழாய்கள் கசிந்தன. கசிந்த சாம்பல் கழியின் அடியிற் படிந்தது. ஆளுயர நீர் நின்ற இடத்தில் முழங்காலளவு நீரே நின்றது. படகுகள் தரை தட்டின.

இம்மாறுதலை முதலில் அறிந்தவர் யார்? அளவுக் கருவியோடு வந்தவர் அல்லர். நாள்தோறும் துடுப்பூன்றிய மீனவரே. துடுப்பு எவ்வளவு ஆழத்தில் தரையைத் தொடுகின்றது என்பதே அவர்கள் கணக்கு.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. கடற்கரை நிலங்களைக் காக்க 1991ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை பிறப்பித்திருந்தது. அதன்படி 1996இல் ஒப்புதல் பெற்ற தமிழகக் கடற்கரைத் திட்டத்தில் எண்ணூர்க் கழி காட்டப்பெற்றிருந்தது. ஆனால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2017இல் வெளிவந்த மற்றொரு வரைபடத்தில் அந்நீர்ப்பரப்பைக் காணோம்! நீர் தரையில் இருந்தது, தாளில் இல்லை. தாளில் இல்லாத நீருக்குச் சட்டத்தின் காவல் எவ்வாறு கிடைக்கும்? குப்பத்து மக்களும் அவர்களுக்குத் துணை நின்ற ஆர்வலர்களும் இவ்விரு வரைபடங்களையும் அருகருகே வைத்துக் கேள்வி எழுப்பினர்.

சாம்பலைப் பற்றி மீனவர் ஒருவர் 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்குத் தொடுத்தார். அத்தீர்ப்பாயம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. கழியில் படிந்த சாம்பலுக்கு மின்வாரியமே பொறுப்பென்றும், கழியைச் சீர்ப்படுத்த வேண்டுமென்றும் அது கூறியது. தீர்ப்பு வந்தவுடன் கழி தூய்மையாகிவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இதே நீரிற் படர்ந்தது. அதனை வாளிகளால் அள்ளியவர்களும் மீனவரே. ஆயினும், கழி என ஒன்று உண்டு, அதற்குப் பொறுப்பாளர் உண்டு என்பது தீர்ப்பாயிற்று. அது சிறிய வெற்றியன்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குங்கள். வழக்கும் வரைபடத் தகராறும் எழுந்த 2016, 2017ஆம் ஆண்டுகளில், சென்னை மாநகராட்சியில் மக்கள் தேர்ந்த உறுப்பினர் எவரும் இல்லை. 2016இல் முடிந்த மன்றத்தின் இடம் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை வெறுமையாயிருந்தது. இதற்கு முன்னரும் 1973 முதல் 1996 வரை இம்மாநகரம் மன்றமின்றி அதிகாரிகளாலேயே ஆளப்பெற்றது. மன்றம் இல்லாதபோது மக்கள் நேரே நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாகின்றது. அது நெடிய வழி; பொருட்செலவும் காலச்செலவும் மிக்க வழி. ஆறு ஆண்டுகள் காத்திருக்கும் ஆற்றல் எல்லா ஏழைகளுக்கும் உண்டோ?

மன்றம் இருந்தாலும் குறை முழுதும் தீர்ந்துவிடுவதில்லை. துறைமுகமும் மின்நிலையமும் உள்ளாட்சியின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டவை. மேலும், கழி ஒன்றாயினும் ஆட்சி இரண்டு. தென்கரையிலிருந்த கத்திவாக்கமும் திருவொற்றியூரும் தனித்தனி நகராண்மைக் கழகங்களாக விளங்கி, 2011இல் மாநகராட்சியோடு இணைந்தன. வடகரையிலோ அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி முதலிய ஊர்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சிகள். வடகரையாருக்குக் கிராம சபை உண்டு. தென்கரையாருக்கு அது கிடையாது. ஒரே நீரில் வலை வீசுவோர் வெவ்வேறு அவைகளில் பேச நேர்கின்றது.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம், பெருநகரங்களில் வட்டக் குழுக்கள் அமையவேண்டுமென விதித்தது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில்தான் வட்டக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பெற்றன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் பகுதி சபைகள் கூடின. தெருவாசிகள் கூடித் தம் குறைகளைத் தீர்மானமாக எழுதி வைக்கும் இடம் இது. காலந் தாழ்ந்து வந்ததாயினும் வரவேற்கத்தக்கதே.

மக்கள் குரல் என்றவுடன் அது ஒரே குரல் என்று எண்ணிவிடுதல் தவறு. மின்நிலையத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஒரு நியாயம் உண்டு. வலை வீசுவோருக்கு மற்றொரு நியாயம் உண்டு. குப்பத்தின் மரபுவழிப் பஞ்சாயத்தில் அமர்வோர் ஆண்களே. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும், சேற்றிற் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் அங்கே பேச இடம் பெறுவது அரிது. உரத்துப் பேசுவோர் மட்டுமே ஊரார் ஆகிவிட்டால், கொள்கை மீண்டும் அளவு தப்பிய சட்டையாகவே முடியும். எல்லாரையும் ஒரே அவையில் அமர்த்தி, மாறுபட்ட நியாயங்களைத் தூக்கிப் பார்ப்பதே நல்லாட்சியின் இலக்கணம்.

அறிவுடையோர் தலைநகரில் இருந்து திட்டம் தீட்டட்டும், அதில் தவறில்லை. ஆனால், பிள்ளையின் பசியையும் கழியின் ஆழத்தையும் அறிந்தவரைக் கேளாமல் அத்திட்டம் முழுமை பெறாது. கேட்பதற்கு மன்றம் வேண்டும். சொல்வதற்குச் சான்று வேண்டும். இரண்டிற்கும் சட்டம் துணை நிற்க வேண்டும். எண்ணூர் மீனவர் வெறுங் கூக்குரலோடு நிற்கவில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கினர்; ஒப்பிட்டுப் பார்த்தனர்; காத்திருந்தனர்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ கால்வாயோ விளையாட்டுத் திடலோ இருக்கும். அரசாங்கத்தின் ஆவணத்தில் அது எவ்வாறு குறிக்கப்பெற்றுள்ளதென்று ஒரு முறை பாருங்கள். பின்னர் நேரிற் சென்று பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மகிழுங்கள். ஒவ்வாதிருந்தால், அடுத்த பகுதி சபையிலோ கிராம சபையிலோ உங்கள் பெற்றோரோடு அமர்ந்து, அதனை எடுத்துச் சொல்லுங்கள். குடியாட்சியின் முதற் பாடம் அங்கேதான் தொடங்குகின்றது.