மணி ஓயாத கணிப்பொறி

தேர்வு முடிவு வெளியாகும் காலை. கடலூரிலும் சிதம்பரத்திலும் மாணவர்கள் ஒரே நேரத்தில் பதிவெண்ணைத் தட்டுகிறார்கள். பதில் தரவேண்டிய கணிப்பொறி பேசாமல் கிடக்கிறது. தூங்குகிறது என்று நினைக்கிறீர்களா? மூச்சுவிட நேரமின்றி உழைத்துக்கொண்டிருக்கவும் கூடும்!

வலைப்பின்னலில் செய்திகள் சிறு பொட்டலங்களாக வருகின்றன. பொட்டலம் வந்ததும் வலையட்டை 'குறுக்கீடு' என்னும் மணியை அடிக்கிறது. இயக்க முறைமையின் மையமான கெர்னல், கையிலுள்ள வேலையை விட்டு ஓடிவர வேண்டும். வினாடிக்கு 100 கோடி பிட் செல்லும் கம்பியில், மிகச் சிறிய பொட்டலங்கள் வினாடிக்கு 14,88,000 வரை வரலாம். வாசலுக்கு ஓடுவதிலேயே பொழுது போனால் அடுப்பில் சோறு எப்படி வேகும்? வாங்கி வைத்தவையும் படிக்கப்படாமலே குப்பைக்குப் போகும்.

இந்த நிலையை ஆராய்ந்து 1996-இல் வழி சொன்னவர்கள் இருவர்: ஜெஃப்ரி மொகுல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. ராமகிருஷ்ணன். அவ்வழியில் 2001-இல் லினக்ஸுக்கென உருவானதே 'நாப்பி' முறை. முதல் மணி கேட்டதும், வலையட்டையை ஆளும் 'இயக்கி' என்ற நிரல் மணியை நிறுத்திவிடுகிறது. பிறகு கெர்னலே முறைவைத்துப் போய், வழக்கமாக ஒரு நடைக்கு 64 பொட்டலம் வரை அள்ளிவருகிறது. பெட்டி நிரம்பி வழிந்தால், மிஞ்சியதை வலையட்டையே தள்ளிவிடும். செயலிக்கு அதனால் செலவில்லை. எனக்கு மிகப் பிடித்த நுட்பம் இதுதான்.

பெட்டி காலியானதும் மணி மறுபடி இயங்கும். ஆளரவமற்ற நள்ளிரவில் வெறும் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதைவிட மணியோசைக்குக் காத்திருப்பதே சிக்கனம் அல்லவா?